எங்கள் வீட்டில் ஹில்டா ஏற்றிய விளக்கு

1

எங்கள் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் வெள்ளிக்கிழமை என்றால் மீனும் உருளைக்கிழங்கும். போன வெள்ளிக்கிழமை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவர் ஹில்டாவிடம் கேட்டார்: "இந்தியா முழுக்கச் சுற்றியிருக்கிறீர்களாமே, எந்த இடம் ரொம்பப் பிடித்தது?"

ஹில்டா மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, முள்கரண்டியால் என்னைக் காட்டினாள்.

"இவருடைய வீடு."

மேசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். நான் குனிந்து உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் இப்படிச் சொல்வது இது முதல் தடவை இல்லை. யார் கேட்டாலும் இதே பதில்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கிறது. இவ்வளவு பெருமையான பேச்சைக் கேட்டு ஒருவன் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சொன்னால் ஒருவருக்கும் புரியாது. அங்கே இருக்கும் உங்களுக்குப் பாதி சொல்வதற்குள் புரிந்துவிடும்.

2

நான் இந்த ஜெர்மன் ஊருக்கு வந்தது எழுபத்து மூன்றில். சாயம் தயாரிக்கும் தொழிற்சாலையில், பரிசோதனைக்கூடத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. வருஷா வருஷம் வெளிநாட்டார் அலுவலகத்தில் வரிசையில் நின்று, "இங்கே தங்குவதன் நோக்கம் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறேன். எனக்கே அவ்வளவாகத் தெரியாத விஷயத்தை அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு எப்படி விளக்குவது? "வேலை" என்று சொல்வேன். குத்திக் கொடுத்துவிடுவார்கள்.

வந்த புதிதில் எங்கள் தலைமை அதிகாரியைப் பலபேர் முன்னால் 'நீ' என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். தமிழனுக்கு நீ, நீங்கள் தெரியாதா என்றால், தெரியும். பயத்தில் வாய் தானாக ஒன்றைச் சொல்லிவிடுகிறது. அன்றைக்கு என்னை வெளியே அழைத்துப்போய், இந்த ஊரில் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவள்தான் ஹில்டா. பக்கத்து மேசைக்காரி. என்னைவிட ஒரு வயது பெரியவள், அவளும் தனி ஆள். எங்களுக்குள் வேறு எதுவும் கிடையாது. இதை இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் போனதில்தான் எல்லாம் வந்தது.

எழுபத்தேழில் ஹில்டா சேர்த்துவைத்த லீவையெல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு இந்தியா முழுவதையும் ரயிலில் பார்க்கப் புறப்பட்டாள். டில்லி, காஷ்மீர், காசி, கல்கத்தா, மெட்ராஸ், கன்னியாகுமரி, பம்பாய். "உன் ஊர் வழியில்தானே இருக்கிறது?" என்றாள். திருவண்ணாமலை எதற்கும் வழியில் இல்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு எழுதினேன்: "என்னோடு வேலை செய்யும் ஹில்டா என்ற பெண் வருகிறாள். ரொம்ப நல்ல மாதிரி. நம் வீட்டிலேயே தங்கட்டும். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

எழுதி ஒட்டிப் போட்டபோது இதில் ஒரு கோளாறும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையை ஒட்டி இருக்கிறது. நைனா, அம்மா, தங்கை மல்லிகா. நைனாவுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொஞ்சம் நிலம். மல்லிகா ஆசிரியர் பயிற்சி முடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுக்குச் செங்கத்தில் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் வாத்தியார். ஏறக்குறைய முடிந்த மாதிரிதான், தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி என்று மல்லிகாவே எழுதியிருந்தாள். அவள் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்த வாத்தியாரை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டேன்.

3

ஹில்டா திரும்பி வந்து, சர்ச் கூடத்தில் ஒரு சனிக்கிழமை படம் காட்டினாள். வெளியூர் போய் வந்தவர்கள் ஊராரைக் கூப்பிட்டு ஸ்லைடு போட்டுக் காட்டுவது இங்கே வழக்கம். கேக், காபி, இருட்டு அறை, வெள்ளைத் திரை. என்னை முதல் வரிசையில், பாதிரியார் பக்கத்தில் உட்கார வைத்தாள். சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க வேண்டுமாம். சொந்த நாட்டில் நான் பார்த்தது மெட்ராஸும் பெங்களூரும்தான். காசி எந்தப் பக்கம் என்று அன்றைக்குத்தான் படத்தில் பார்த்தேன்.

ஹில்டா நன்றாகப் பேசினாள். குறை சொல்லவே அவளுக்குத் தெரியாது. காஷ்மீரில் படகுக்காரர் குளிருக்குத் தன் சால்வையைக் கொடுத்தது, கல்கத்தாவில் மழையில் மாட்டிக்கொண்டபோது ஒரு குடும்பமே குடையோடு வந்தது, ரயிலில் எதிரே இருப்பவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தால் முதல் கை அவளுக்கு நீள்வது. "அந்த நாட்டில் தூங்கும்போதுகூட யாரும் தனியாக இல்லை" என்றாள். ஆனால் படம் பேச்சைக் கேட்காது அல்லவா? விடியற்காலையில் ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த ஒன்று வந்தது. தண்டவாளம் ஓரம் வரிசையாக ஆண்கள் சொம்போடு குந்தியிருக்கிறார்கள். பின்வரிசையில் ஒரு கிழவி, "ஐயோ பாவம், வீட்டில் வசதி இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். "கிராமத்தில் சில இடங்களில்…" என்று இழுத்தேன். எங்கள் வீட்டிலும் கிடையாது. கொல்லைமேட்டுக்குப் போய் வளர்ந்தவன்தானே நான்.

"எல்லா ஊரிலும் எல்லோரும் என்னைக் கேள்வி கேட்டார்கள்" என்று ஹில்டா சிரித்தாள். "எந்த நாடு, எத்தனை பிள்ளை, ஏன் கல்யாணம் ஆகவில்லை, அப்பா எங்கே? ஒரே ஒரு வீட்டில் மட்டும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதோ."

திரையில் எங்கள் வீடு.

வாசலில் ஜட்கா வண்டி. ஹில்டா இறங்கி நிற்கிறாள். எதிரில் அம்மா, பட்டுப்புடவையில், கையில் ஆரத்தித் தட்டு. கூடத்தில் எல்லோரும் "ஆ" என்றார்கள். நானும் சந்தோஷமாகத்தான் பார்த்தேன். பாவம், தூரத்திலிருந்து வந்தவளுக்குத் திருஷ்டி கழிக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்ததில் ஹில்டா வலது காலை எடுத்து வைக்கிறாள். அடுத்ததில் பாலும் பழமும். கொல்லையில் புதுசாகக் கீற்றுத்தட்டி வைத்து நைனா கட்டிய குளியல் மறைப்பு, அதற்குள் ஒரு புதுப் பிளாஸ்டிக் வாளி. நைனா அதன் பக்கத்தில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். வாளியோடு போட்டோ எடுத்துக்கொண்ட மனுஷனைப் பார்த்து நாலுபேர் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்காதீர்கள். எல்லோரும் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அடுத்த படத்தில் ஹில்டா புதுப்புடவை கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு, சாமி அலமாரி முன்னால் குத்துவிளக்கு ஏற்றுகிறாள். அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். படம் எடுத்தவள் மல்லிகா.

என் சிரிப்பு அப்படியே நின்றது. விருந்தாளியை யாராவது விளக்கேற்றச் சொல்வார்களா?

"தென்னிந்தியாவில் விருந்தினர்தான் வீட்டு விளக்கை ஏற்ற வேண்டும்" என்று ஹில்டா கூட்டத்துக்கு விளக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே?" என்றாள்.

அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. "ஆமாம்" என்றேன். "எங்கள் வழக்கம்."

அதோடு போகவில்லை. ஹில்டா ஷூவைக் கழற்றினாள். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து, நீளக் காலுறையையும் உருவினாள். கால்விரலில் வெள்ளி மெட்டி. "இவருடைய அம்மா தன் கையாலேயே போட்டுவிட்டார். 'இது எங்கள் வீட்டுப் பெண்கள் போடுவது' என்று தங்கை சொன்னாள். நான் இன்னும் கழற்றவில்லை." கைதட்டல். பாதிரியார் என் தோளில் தட்டி, "அற்புதமான குடும்பம்" என்றார்.

4

பம்பாயில் வேலை பார்த்த எங்கள் தெரு ராஜேந்திரன் கதை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவனும் இப்படித்தான் எழுதினான், கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி வருகிறாள் என்று. அவன் அம்மா வாசலிலேயே உட்கார வைத்து, காபி கொடுத்து, கோபுரத்தைக் காட்டி அனுப்பிவிட்டாள். ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவளைக் கட்டிக்கொண்டு, வீட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறான். அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்: "வூட்டுக்கு வந்த மருமவள வாசல்ல வெச்சு காபி குடுத்து அனுப்பிட்டேனே." அந்தப் பெண் மறுபடி வரவேயில்லை.

எங்கள் அம்மா அந்த அழுகையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். என் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டதும் முடிவு செய்துவிட்டாள். நல்ல மாதிரி என்கிறான், நம் வீட்டிலேயே தங்கட்டும் என்கிறான், இதற்குமேல் பிள்ளை எப்படிச் சொல்வான்? அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டுக் கூச்சப்படுத்தக் கூடாது என்று தெருவுக்கே உத்தரவு போட்டிருக்கிறாள். ஹில்டா கழுத்தில் சிலுவை கோத்த சங்கிலி கிடந்தது. அவங்க ஊர்த் தாலி அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கால் மட்டும் மொட்டையாக இருந்தது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அறைக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்கு எழுதினேன். "அவள் எனக்கு ஒன்றும் இல்லை. கூட வேலை செய்கிறவள், அவ்வளவுதான். நீங்கள் தப்பாக நினைத்துவிட்டீர்கள். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்."

நைனாவிடமிருந்து பதில் வந்தது. மழை கம்மி, மல்லாட்டை பரவாயில்லை, அம்மாவுக்கு முட்டி வலி. கடைசியில், செங்கத்து இடம் ஒத்துவரவில்லை, விட்டாச்சு. ஹில்டாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. செங்கத்து இடம் போனதற்கு ஜாதகமோ வேறு எதுவோ காரணம் என்று நினைத்துக்கொண்டேன். மல்லிகா அதற்குப் பிறகு ரொம்ப நாள் எழுதவில்லை.

5

எண்பதில்தான் ஊருக்குப் போக முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஜட்கா பிடித்து, அடி அண்ணாமலையில் வெற்றிலைக் கடை முன்னால் இறங்கினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏழுமலையா? வா, வா. இன்னா, மருமவ வரலியா?"

வண்டியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவர் தேடினார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டில் அம்மா சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டு முடிக்கிறவரை பொறுத்திருந்து கேட்டேன். "நான்தான் எழுதினேனே, அப்படி ஒண்ணும் இல்லனு. ஊர்ல யார்கிட்டயும் சொல்லலியா?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நைனாவ கேளு."

நைனா கிணற்றடியில் இருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"சொல்லல" என்றார்.

"ஏன் நைனா?"

"ஆரத்தி எடுத்தாச்சு. மெட்டி போட்டாச்சு. மூணு நாளு நம்ம வூட்ல இருந்தா. இப்ப போயி அவ ஒண்ணும் இல்லனு சொன்னா, அப்ப யாருடா அவனு கேப்பானுங்களா இல்லியா? கல்யாணம் ஆவாத பொண்ணு. ஊரு வாயில அவள போடச் சொல்றியா?"

"அவ ஜெர்மனியில இருக்கா நைனா. இங்க பேசறது அவளுக்குத் தெரியப்போவுதா?"

"தெரியலன்னா பேசலாமா?"

நானும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். செங்கத்து இடம் ஏன் போயிற்று என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"வந்து கேட்டாங்க" என்றார் நைனா. "பையன் வெள்ளைக்காரிய கட்டிக்கிட்டானாமே, நெஜமானு. நெஜந்தான்னேன். எழுந்து போய்ட்டாங்க."

"அப்ப என் கடுதாசி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. முந்தின வாரமே வந்துடுச்சு."

"எடுத்துக் காட்டியிருக்கலாமே. மல்லிகா வாழ்க்கை நைனா."

அவர் மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுகிட்ட கேட்டுட்டுதான் சொன்னேன்" என்றார். எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

இப்போது சொல்லுங்கள், நான் அந்த இருட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யாரைப் பார்த்துச் சிரித்தேன்?

6

ராத்திரி படுத்தபடி ஒரு முடிவுக்கு வந்தேன். நைனா சொல்ல மாட்டார். அம்மாவும் சொல்ல மாட்டாள். நான் சொல்லிவிட வேண்டியதுதான். லீவு முடிவதற்குள் பார்க்கிறவர்களிடமெல்லாம், அது என் மனைவி இல்லை, கூட வேலை செய்கிறவள் என்று உடைத்துச் சொல்லிவிட்டால், மல்லிகாவுக்கு வருகிற அடுத்த இடமாவது நிற்கும். அவளுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. ஹில்டாவைப் பற்றி ஊர் என்ன பேசினால் என்ன? கடல் தாண்டி இருக்கிறவள். நைனாவின் பேச்சு சரிதான், ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தது என் தங்கை. இப்படி நியாயம் சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மல்லிகாவைக் கூப்பிடப் போனேன். கையில் சாக்பீஸ் தூளோடு வந்தாள். இளைத்திருந்தாள். இரண்டு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டே பாதை ஓரமாக நடந்தோம். அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள். நான் பனி கொட்டுவதைப் பற்றிச் சொன்னேன். செங்கத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

எதிரில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். எனக்கு ஆள் தெரியவில்லை. மல்லிகா என் காதோரம், "தரகருண்ணா. போளூர்ல ஒரு எடம் சொல்லிக்கிட்டிருக்காரு" என்றாள். நல்ல சமயம் என்று நினைத்தேன்.

"தம்பிதான் ஜெர்மனியில இருக்கறவரா?" என்று கும்பிட்டார் அவர். "நானே வூட்டுக்கு வரணும்னு இருந்தேன். போளூர்க்காரங்க நல்லவங்க. ஒரே ஒரு விஷயம்தான் இடிக்குது. அந்த வெள்ளைக்காரம்மா உங்க வூட்டு மருமவதானா, இல்ல சும்மா வந்துட்டுப் போனவங்களானு கேக்கறாங்க. சில பேரு சும்மா வந்தவங்கனு சொல்றாங்களாம். அப்படினா அவங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லியாம். நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டீங்கனா, நான் போயி பேசி முடிச்சிடுவேன்."

வாயைத் திறந்தேன். ராத்திரி அடுக்கிவைத்த வார்த்தை எல்லாம் நாக்கில் இருந்தது. சும்மா வந்தவங்கதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"எங்க அண்ணிதாங்க" என்றாள் மல்லிகா. "இந்தத் தடவ லீவு கெடைக்கல. அடுத்த தடவ அண்ணங்கூட வருவாங்க."

தரகர் என் முகத்தைப் பார்த்தார். நான் பேசவில்லை. "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, குடையைக் கை மாற்றிக்கொண்டு அவர் நடந்தார். அவர் திருப்பத்தில் மறைகிறவரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

"ஏன் மல்லிகா?" என்றேன்.

"வூட்ல சொல்லாதண்ணா" என்றாள். "அம்மா அழும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கூடவே நடந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று, நான் கொஞ்சம் பின்தங்கியே வீடுவரை போனேன்.